பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு, பழுதிலிருந்து மாற்றுப் பாகத்துக்கு

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டின் முன்பக்கம் சரியில்லை என்று பணிமனையில் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, முன்சக்கரத்தைப் பிடித்து, அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கை முழு செட்டாக மாற்றிவிடலாம் என்பதுதான். மாற்றிய பிறகும் அதே ஆட்டமும் அதே கசிவும் தொடர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபோர்க் என்பது ஒரே பாகம் அன்று. இரண்டு மெயின் ட்யூப், அவற்றின் மேல் ஏறி இறங்கும் இரண்டு அடி லெக், இரண்டுக்கும் இடையே உராய்வைத் தாங்கும் வளையமான புஷ், ஆயில் சீல், ஸ்பிரிங், தணிப்புக்கான உள்பாகங்கள், கீழே இரு ட்யூப்களையும் இணைத்துப் பிடிக்கும் அடி டி, மேலே ட்யூப்களைப் பிடித்து முகப்பு விளக்கையும் தாங்கும் காஸ்கெட் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுதி அது. இவற்றுள் எது கெட்டிருக்கிறது என்பதை அறிகுறியைக் கொண்டு முதலில் உறுதி செய்துகொண்டால், பெரும்பாலான வண்டிகளுக்கு முழு ஃபோர்க் தேவைப்படாது. தேவைப்படும் சில வண்டிகளுக்கும், வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல் அளவைச் சொல்லி வாங்கும் தெளிவு அப்போது கிடைத்துவிடும்.

அளவை நான் வலியுறுத்துவதற்கு இந்த வண்டியின் வரலாறே காரணம். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபோது, இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கொண்டே வண்டிகள் பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. அதன் பின் திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வண்டி பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், முன் பிரேக் 6 அங்குல டிரம்மிலிருந்து இரட்டைக் கேம் கொண்ட 7 அங்குல டிரம்முக்கும், பின்னர் சில மாடல்களில் டிஸ்க்குக்கும் மாறியது. மரைகளும் பிரிட்டிஷ் அளவிலிருந்து மெட்ரிக் அளவுக்குச் சிறிது சிறிதாக மாறின. எனவே புல்லட் ஃபோர்க் என்று கடையில் கேட்டால், உங்கள் வண்டிக்குப் பொருந்தாத ஒன்றையும் கடைக்காரர் முழு நேர்மையோடு எடுத்துக் கொடுக்க இயலும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக்கொள்ள வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கிறதா, சக்கரத்தின் பேரிங்கில் ஆட்டம் உள்ளதா, ரிம் வளைந்திருக்கிறதா, ஸ்போக் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தின் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தாலும் அதன் ஆட்டம் ஹேண்டில்பாரில் உணரப்படும் என்பதால், ஃபோர்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன் அதையும் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிடுவது நல்லது. இந்தச் சோதனைகளுக்குக் கால் மணி நேரம் போதும்.

சொற்களில் ஒரு தெளிவும் தேவை. எஞ்சினில் இரு பரப்புகளுக்கிடையே வைக்கும் கேஸ்கெட் வேறு, இங்கே பேசப்படும் காஸ்கெட் வேறு. இது மேலே மூடியாக இருக்கும் அலுமினிய வார்ப்பு. முகப்பு விளக்கும், இருபுறமும் உள்ள சிறிய பைலட் விளக்குகளும், வேகமானியும் இதில்தான் அமர்ந்திருக்கின்றன. பார்வைக்கு அலங்காரமாகத் தோன்றினாலும், பழைய டிரம் பிரேக் புல்லட்டில் மேல் டி செய்ய வேண்டிய வேலையை இதுவே செய்கிறது. மெயின் ட்யூபின் மேல்முனை இதற்குள் மரை கொண்டு ஏறுகிறது. கீழே அடி டியில் பிஞ்ச் போல்ட் ட்யூபை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த ஒரு விவரம் தெரியாதவர்கள் ட்யூபைச் சுத்தியலால் கீழே தட்டி இறக்க முயன்று காஸ்கெட்டின் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்திய பிறகு ட்யூபைச் சுழற்றித்தான் கழற்ற வேண்டும்.

அறிகுறி: லெக்கின் மேல் ஆயில் படிகிறது

சீல் உறையின் விளிம்பில் ஆயில் வளையமாகத் தெரிந்தால், சீல் கெட்டிருக்கிறது என்று மட்டும் முடிவு செய்யக் கூடாது. சீல் ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். மேலுறையை விலக்கி, ட்யூபைத் துணியால் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேனும் தடுக்கினால் அங்கே துருக்குழியோ கீறலோ இருக்கிறது. சீல் ஓடும் பகுதிக்குள் அந்தக் குழி இருக்குமானால், எத்தனை புதிய சீல் போட்டாலும் சில நூறு கிலோமீட்டரில் அது கிழிந்துவிடும். சீல் எதுவரை ஓடுகிறது என்பதை அறிய, ட்யூபைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டையைச் சீலை ஒட்டிக் கட்டிவிட்டு, மேடுபள்ளமான சாலையில் ஓட்டிப் பார்த்தால், டை மேலே தள்ளப்பட்டு நிற்கும் இடமே எல்லையாகும்.

எல்லைக்கு மேலே இருக்கும் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து விட்டுவிடலாம். எல்லைக்குள் ஒன்றிரண்டு நுண்ணிய குழிகள் மட்டும் இருந்தால், அவற்றை நன்கு சுத்தம் செய்து, அரால்டைட் போன்ற பசையால் நிரப்பி, காய்ந்த பின் மிக நுண்ணிய உப்புத்தாளால் மட்டமாகத் தேய்த்துவிட்டால் வண்டி பல மாதம் ஓடும். குழிகள் கூட்டமாக இருந்தாலோ குரோம் உரிந்து வந்தாலோ, ட்யூபை மாற்ற வேண்டும் அல்லது மறுபடி குரோம் பூச வேண்டும். குரோம் பூசும் முடிவை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சைலன்சருக்கும் ஹேண்டில்பாருக்கும் பூசும் அலங்காரக் குரோம் ஃபோர்க் ட்யூபுக்கு உதவாது. ட்யூபை முதலில் அரைத்து, கடினக் குரோம் பூசி, மறுபடியும் வட்டமாக அளவுக்கு அரைத்துத் தர வேண்டும். ஹைட்ராலிக் தண்டுகளுக்குக் கடினக் குரோம் பூசும் தொழிற்கூடங்களே இந்த வேலைக்கு உரியவை. வளைந்த ட்யூபைக் குரோமுக்குக் கொடுப்பது வீண் செலவு என்பதால், நேராக இருக்கிறதா என்ற சோதனையை முதலில் முடித்துவிட வேண்டும்.

ட்யூப் கண்ணாடிபோல் இருந்தும் சீல் கசிந்தால், புஷ் தேய்ந்து ட்யூப் பக்கவாட்டில் ஆடுகிறது என்று பொருள். அப்படி ஆடும் ட்யூபைச் சுற்றி எந்தச் சீலும் இறுகிப் பிடித்து நிற்காது. ஆயில் லெக்கின் மேற்பகுதியில் இல்லாமல் அடியில் மட்டும் சொட்டுமானால், லெக்கின் அடியில் உள்ள நட்டும் அதன் வாஷரும் காரணமாக இருக்கும். அந்த வாஷரை மாற்றினாலே போதும்.

அறிகுறி: பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ‘டக்’ என்று அடிக்கிறது

இந்த ஒலிக்கு இரண்டு காரணங்கள் சம வாய்ப்போடு இருக்கின்றன. ஒன்று கோன்செட்டின் (சேஸிஸின் தலைப்பகுதியில் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கின்) தளர்வு, மற்றது ஃபோர்க் புஷ்ஷின் தேய்மானம். முன்சக்கரத்தைத் தரையில் வைத்து, முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அப்போது இன்னொருவர், காஸ்கெட்டுக்கும் சேஸிஸின் தலைப்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தால், கோன்செட் தளர்ந்திருக்குமானால் அந்த அசைவு விரலில் தெரியும். பிறகு விரலை ட்யூபும் சீல் உறையும் சந்திக்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே அசைவு தெரிந்தால் புஷ் போய்விட்டது என்று கொள்ளலாம். டிரம்மை மூடிப் பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டு, லெக்கில் உள்ள தன் பிடிமானத்தில் தளர்வாக அமர்ந்திருந்தாலும் இதே ஒலி வரும். அந்த ஒலி ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஒரே ஒரு முறை மட்டும் கேட்கும்.

கோன்செட்டில் ஆட்டம் இருந்தால் இறுக்கிப் பார்க்கலாம். இறுக்கிய பின் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது, நேராக நிற்கும் இடத்தில் மட்டும் ‘கடக்’ என்று அமர்ந்தால், கிண்ணத்தில் பால்ரஸ் பதிந்து பள்ளம் விழுந்துவிட்டது. அதை எவ்வளவு சரிசெய்தாலும் வண்டி நேர்கோட்டில் நிற்காது. கிண்ணமும் கோனும் பால்ரஸும் சேர்த்தே மாற்றப்பட வேண்டும்.

புஷ்ஷைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் புதிய புஷ்ஷை வாங்கித் தட்டி ஏற்றிவிடுவது போதாது. ட்யூபின் தேயாத பகுதியையும் தேய்ந்த பகுதியையும் மைக்ரோமீட்டரால் அளந்து, புஷ்ஷின் உள் அளவோடு ஒப்பிட வேண்டும். வெர்னியர் இதற்குப் போதாது, ஏனெனில் இங்கே பேசப்படுவது மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகள். ட்யூப் தேய்ந்திருந்தால், நல்ல லேத் ஆபரேட்டரிடம் வெண்கலத்தில் அந்த ட்யூபுக்கென்றே புஷ் கடைந்து வாங்குவதே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. புதிய ஃபோர்க் செட்டுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே அதற்கு ஆகும்.

அறிகுறி: ஹேண்டில்பார் கோணலாக நிற்கிறது, அல்லது வண்டி ஒருபுறம் இழுக்கிறது

வண்டி விழுந்த பிறகு தோன்றும் இந்த அறிகுறிக்குத்தான் தேவையற்ற ஃபோர்க் மாற்றங்கள் மிகுதியாக நடக்கின்றன, ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு பழுதுகள் வெளியே ஒன்றுபோலத் தோன்றும்: ட்யூப்கள் தத்தம் பிடியில் முறுக்கிக்கொள்வது, ட்யூபோ அடி டியோ உண்மையிலேயே வளைவது, சேஸிஸின் தலைப்பகுதி வளைவது. முதலாவதற்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை. மூன்றாவதற்கு எந்தப் புதிய ஃபோர்க்கும் உதவாது.

முறுக்கலை முதலில் சோதிக்க வேண்டும். ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் அடி மூடிகளின் நான்கு நட்டுகளையும், மட்கார்டின் தாங்கிகளையும், அடி டியின் பிஞ்ச் போல்ட்டுகளையும் தளர்த்தி, முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் அழுத்தித் திருப்பினால், பல வண்டிகளில் அது நேராக வந்துவிடும். அதன் பின் முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி விட்டு, கீழிருந்து மேலாக, முதலில் ஆக்ஸில் மூடிகளையும் கடைசியாகப் பிஞ்ச் போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் முறுக்கல் உள்ளேயே பூட்டிக்கொண்டுவிடும்.

நேராகவில்லை என்றால் உறைகளைக் கழற்றி இரு ட்யூப்களும் வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை, இரு ட்யூப்களின் முன்பரப்பிலும் ஒரே நேரத்தில் படும்படி குறுக்காக வைத்துப் பார்த்தால், நான்கு இடங்களிலும் அது ஒட்டி நிற்க வேண்டும். ஒரு மூலை மட்டும் ஆடினால் ட்யூப்கள் இணையாக இல்லை. பிறகு ட்யூபைக் கழற்றி, பணிமனையின் வி-பிளாக் இரண்டின் மீது கிடத்தி, நடுவில் டயல் கேஜின் முனையை வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். முள் காட்டும் மொத்த அசைவில் பாதியே உண்மையான வளைவு என்பதைப் பலர் மறந்துவிட்டு, நல்ல ட்யூபை ஒதுக்கிவிடுகிறார்கள். ஜப்பானிய நிறுவனங்களின் கையேடுகளில் இந்த வளைவுக்கு 0.20 மி.மீ. என்ற எல்லையைப் பரவலாகக் காணலாம். பழைய புல்லட்டுக்கும் அந்த எல்லையை வைத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. டயல் கேஜ் இல்லாதவர்கள் தடித்த கண்ணாடிப் பலகையின் மீது ட்யூபை உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். கையால் உணரக்கூடிய வளைவு எதுவும் இந்தச் சோதனையில் தப்பாது.

இலேசான, நீண்ட வளைவை அனுபவமுள்ளவர் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எடுத்துவிட முடியும். ஆனால் அடி டியின் பிடிக்குச் சற்றுக் கீழே ட்யூப் மடிந்து, ஒரு சுருக்கமோ தட்டையான இடமோ தெரிந்தால், அந்த ட்யூபை நிமிர்த்தக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கில் மிகுந்த வளைவு விசை விழும் இடம் அதுவேயாகும். ஒருமுறை மடிந்து நிமிர்ந்த எஃகு அங்கே எச்சரிக்கை எதுவுமின்றி முறியக்கூடும். இப்படிப்பட்ட ட்யூபை நான் பணம் கருதி ஒருபோதும் திரும்பப் பூட்டியதில்லை.

இரு ட்யூப்களும் நேராக இருந்தும் வண்டி இழுத்தால், அவற்றை அடி டியில் மட்டும் பூட்டி மறுபடி கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும். டி முறுக்கியிருந்தால் இப்போது தெரியும். டியும் சரியென்றால் சேஸிஸைப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் மோதிய வண்டியில் முன் டயருக்கும் சேஸிஸின் முன் இறங்கு குழாய்க்கும் இடையே உள்ள தூரம் குறைந்திருக்கும், தலைப்பகுதிக்குக் கீழே குழாயின் பெயின்டு செதில் செதிலாக வெடித்திருக்கும். இந்த அடையாளங்கள் இருந்தால் ஃபோர்க் தேடுவதை நிறுத்திவிட்டு, ஜிக் வைத்துச் சேஸிஸ் நிமிர்த்துபவரிடம் போக வேண்டும்.

அறிகுறி: பள்ளத்தில் அடியில் மோதுகிறது, அல்லது படகுபோல் ஆடிக்கொண்டே இருக்கிறது

பெரும்பாலும் ஆயில் குறைவு, அல்லது இரு லெக்கிலும் அளவு ஒன்றாக இல்லாமை. பழைய ஃபோர்க் ஆயில் தன் பாகுத்தன்மையை இழந்து தண்ணீர்போல் ஆகிவிடுவதும் உண்டு. இந்த ஃபோர்க்கின் தணிப்பு எளிமையானது, அழகானது. மெயின் ட்யூபின் அடியில் உள்ள துளை வழியாக, லெக்கின் அடியிலிருந்து எழுந்து, மேலே போகப் போக ஒல்லியாகும் தண்டு ஒன்று உள்ளே நுழைகிறது. தண்டுக்கும் துளைக்கும் இடையே உள்ள வளைய இடைவெளியின் வழியாக ஆயில் மேலேறுகிறது. ஃபோர்க் கீழே போகப் போகத் தண்டின் தடித்த பகுதி துளைக்குள் வந்து இடைவெளியைக் குறைப்பதால், கடைசியில் ஆயிலே மெத்தையாக நின்று மோதலைத் தாங்குகிறது. எனவே ஆயில் போதாமல் போனால் முதலில் இழப்பது இந்தக் கடைசி மெத்தையைத்தான். கையேட்டில் உங்கள் ஆண்டு மாடலுக்குச் சொல்லியுள்ள அளவை, ஊசி போட்ட சிரிஞ்சாலோ அளவுக் குடுவையாலோ அளந்து இரு லெக்கிலும் சமமாக ஊற்ற வேண்டும். அதன் பிறகும் மோதினால் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஃபோர்க் இறுகி, அமுக்கினால் மெதுவாகவே மேலே வருகிறது

ஆயிலை மாற்றியோ டயரைக் கழற்றியோ பூட்டிய பிறகு இது தோன்றினால், ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி அமர்ந்து, இரு லெக்குகளையும் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. அடி மூடிகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை அமுக்கி, ஆக்ஸில் தானாக அமரவிட்டு இறுக்கினால் தீரும். பாகம் எதையும் தொடாமலே இது தோன்றியிருந்தால், மேலே சொன்ன வளைவுச் சோதனைக்குப் போக வேண்டும்.

அறிகுறி: ட்யூபை எவ்வளவு இறுக்கினாலும் காஸ்கெட்டில் பிடிக்கவில்லை

காஸ்கெட் அலுமினியம், ட்யூப் எஃகு. எனவே கெடுவது காஸ்கெட்டின் மரையாகவே இருக்கும். கழற்றிப் பார்க்கும்போது அலுமினியச் சுருள்கள் ட்யூபின் மரையில் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தக் காஸ்கெட்டை மரைப்பசை போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். திறமையான லேத்தில் எஃகு ஸ்லீவ் பொருத்தி மரை போடலாம். வார்ப்பில் வெடிப்பு இருந்தால் அதற்கும் இடமில்லை, காஸ்கெட்டையே மாற்ற வேண்டும். அடி டியின் பிஞ்ச் போல்ட் துளையருகே முடிபோன்ற வெடிப்பு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்க்கலாம். வெடிப்பு இருந்தால், உள்ளே ஊறிய எண்ணெய் பொடியின் மேல் கோடாகத் தெரியும். வெடித்த டியை வெல்டு செய்யக் கூடாது.

மாற்று ஃபோர்க் தேடும்போது

மேற்கண்ட சோதனைகளுக்குப் பிறகும் ஃபோர்க் தேவை என்று உறுதியானால், கடைக்குப் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய அளவுகள் உள்ளன. மெயின் ட்யூபின் வெளிவிட்டம், மொத்த நீளம், மேல்முனை மரையின் விட்டமும் அங்குலத்துக்கான மரை எண்ணிக்கையும், இரு ட்யூப்களின் மையத்துக்கு மையம் உள்ள தூரம், அடி டியில் எழும் தண்டின் நீளம், கோன் அமரும் இடத்தின் விட்டம், ஆக்ஸிலின் விட்டம், அடி லெக்குகளுக்கு இடையே உள்ள அகலம், பிரேக் தட்டின் பிடிமானம் எந்த லெக்கில் எந்த உயரத்தில் உள்ளது, மட்கார்டு தாங்கிகளின் துளைகள் ஆகியவையே அவை. கழற்றிய பழைய ட்யூபையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மரை எண்ணிக்கையில் ஐயம் இருந்தால் மரைக் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். விட்வொர்த் வகை பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. இரண்டு மூன்று சுற்று ஏறியதும் நின்றுவிடும் போல்ட்டை ஸ்பானர் கொண்டு திருகி ஏற்றுவதால்தான் பல நல்ல லெக்குகள் கெட்டுப்போகின்றன.

எங்கே தேடுவது என்பதில் எனக்குத் தெளிவான விருப்பம் உண்டு. சீல், புஷ், வாஷர், கோன்செட் போன்றவற்றுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும், முழு லெக்கும் டியும் காஸ்கெட்டும் கழற்றிய நிலையில் வேண்டுமென்றால் புதுப்பேட்டையும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். பெங்களூரின் ஜே.சி. சாலையும் டெல்லியின் கரோல் பாக் பகுதியும் புல்லட் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. கரோல் பாக் கடைகளில் நிறுவனத்தின் பாகமும் அதைப் பார்த்துச் செய்த பாகமும் அருகருகே கிடைக்கும் என்பதால், மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதே நல்லது. 1960களின் தொடக்கத்து வண்டியை ஆண்டுக்கு ஏற்றபடி மீட்பவர்கள், இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் போன்ற பழைய என்ஃபீல்டு பாக விற்பனையாளர்களின் பட்டியலில் பாக எண்ணைப் பார்த்துக்கொண்டால், இங்கே கேட்கும்போதும் அந்த எண் உதவும். எங்கே வாங்கினாலும் பழைய பாகத்துக்கும் பில் கேட்டு வாங்க வேண்டும். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் வண்டியில் ஏறாமலிருக்க அதுவே காப்பு.

புதிதாகச் செய்த ட்யூபைக் கடையிலேயே மூன்று இடங்களில் அளக்க வேண்டும். என் வண்டிக்கு ஒருமுறை வாங்கிய ட்யூப் இரண்டும், பெட்டியில் எழுதியிருந்த விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தன. அளக்காமல் பூட்டியதால் புதிய சீலும் புதிய புஷ்ஷும் இருந்தும் மூன்றாம் நாளே கசிந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, ஏனெனில் அதற்குள் அவற்றில் ஓடிய தடம் விழுந்துவிட்டது.

பழைய ஃபோர்க்கைக் கழற்றிய வண்டியிலிருந்து வாங்குவதாக இருந்தால், தனித்தனியாகப் பேரம் பேசாமல், இரு லெக், அடி டி, காஸ்கெட், ஆக்ஸில், அடி மூடிகள், பிரேக் தட்டு ஆகியவற்றை ஒரே வண்டியின் தொகுதியாக வாங்குவதே என் அனுபவத்தில் இறுதியில் மலிவானது. குறிப்பாக அடி மூடிகளைத் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு மூடியும் அதன் லெக்கோடு சேர்ந்தே பொருந்தும். வேறு லெக்கின் மூடியைப் போட்டால் ஆக்ஸிலை அது ஒரு விளிம்பில் மட்டுமே பிடிக்கும்.

டிஸ்க் பிரேக் மாடலின் ஃபோர்க்கைப் பழைய வண்டியில் ஏற்ற விரும்புபவர்கள் பலர். முடியாத காரியம் அன்று. ஆனால் காஸ்கெட், டி, ஆக்ஸில், சக்கரம், வேகமானியின் கியர் அனைத்தும் உடன் மாற வேண்டும். செலவைக் குறைக்க டிஸ்க் மாடலின் லெக்கை மட்டும் போட்டு, பழைய டிரம் சக்கரத்தையே வைத்துக்கொள்ளும் முயற்சி ஆபத்தானது. அந்த லெக்கில் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்கான காதுகள் இருக்கும், பிரேக் தட்டைச் சுழலாமல் தடுக்கும் பிடிமானம் இருக்காது. பிடிமானம் இல்லாத தட்டு பிரேக் பிடித்த கணமே சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, கேபிளை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். கம்பியால் கட்டியோ கிளாம்ப் போட்டோ இதைச் சமாளிக்கலாம் என்று சொல்பவர் எவராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அறிகுறி: வேறு ஃபோர்க் போட்ட பின் ஹேண்டில் கனக்கிறது, அல்லது வேகத்தில் முகம் ஆடுகிறது

இங்கே காரணம் வடிவக் கணக்கில் இருக்கிறது. வண்டி நேராக ஓடுவதற்கு அடிப்படை ட்ரெயில் என்னும் தூரம்: தலைப்பகுதியின் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் அது. அந்த அச்சுக்கோட்டிலிருந்து ஆக்ஸில் எவ்வளவு முன்னே தள்ளி நிற்கிறது என்பது ஆஃப்செட். தலைப்பகுதியின் சாய்வு 27 பாகை என்று கொண்டால், ஆஃப்செட் 10 மி.மீ. கூடும்போது ட்ரெயில் ஏறக்குறைய 11 மி.மீ. குறைகிறது, குறைந்த ட்ரெயில் ஹேண்டிலை இலேசாக்கி, வேகத்தில் ஆட்டத்தை வரவழைக்கும். கூடிய ட்ரெயில் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டிலைக் கனக்கச் செய்யும். வேறு வண்டியின் டியைப் போட்டவர்களுக்கு நேர்வது இதுதான்.

ஃபோர்க்கின் நீளமும் இதே விளைவைத் தரும். புல்லட்டின் சக்கர இடைத்தூரம் 1370 மி.மீ. அளவில் இருப்பதால், 25 மி.மீ. நீளமான ஃபோர்க்கைப் போட்டால் வண்டியின் முன்பக்கம் உயர்ந்து, தலைப்பகுதியின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை கூடிவிடுகிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தும்போது முன்சக்கரம் முன்புபோல் தரையிலிருந்து எழாமல் போவது இதன் முதல் அடையாளம். ஆகவே பூட்டுவதற்கு முன் பழைய ஃபோர்க்கையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கமாகக் கிடத்தி, முழுதாக நீட்டிய நிலையிலும் முழுதாக அமுக்கிய நிலையிலும் ஆக்ஸில் மையம் முதல் அடி டி வரை அளந்துவிட வேண்டும். முழுதாக அமுக்கிய நிலையில் மட்கார்டு சேஸிஸின் இறங்கு குழாயையோ காஸ்கெட்டின் அடியையோ தொடுமானால், அந்த ஃபோர்க் அந்த வண்டிக்கு உரியதன்று.

பூட்டி முடித்த பின் ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் கேபிளும் எங்கும் இழுபடவில்லை என்றும், வயர்கள் காஸ்கெட்டுக்குள் நசுங்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் பத்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். திரும்பி வந்ததும் அடி மூடிகளின் நான்கு நட்டுகளையும் பிஞ்ச் போல்ட்டுகளையும் ஸ்பானரால் தொட்டுப் பார்க்க வேண்டும். 200 கிலோமீட்டர் ஓடிய பின் கோன்செட்டை மறுபடி சோதிக்க வேண்டும்; புதிய கிண்ணங்கள் அந்தத் தூரத்துக்குள் தம் இடத்தில் அமர்ந்து, சிறிது தளர்வை விட்டிருக்கும்.